பெருமாள்மலையில் ஒரே வரிசை

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பெருமாள்மலைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, தைல மரங்களுக்கு அடியில் கறுப்புக் கம்பளி போர்த்திக் குந்தியிருந்த ஒரு கூட்டம்தான் முதலில் என் கண்ணில் பட்டது.

நாட்டின் முதல் பொதுத் தேர்தல் அன்று. நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். வாக்குச்சாவடி திறந்ததும் வரிசை நகர்ந்தது. ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே வரிசை. மரத்தடியில் மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று தேர்தல் அதிகாரி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து மணிக்கு மேல் அங்கிருந்து ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள். வாசலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

"எங்க தெரு ஆளுகள எப்பங்க கூப்புடுவீங்க? வெள்ளனே வந்து காத்துக் கெடக்கோம். மதியம் தோட்டத்து லாரி வந்துரும், அப்புறம் ஓட்டுப் போட முடியாதுங்க."

கிணற்றில் தண்ணீரோ, கோயில் வாசலில் திருநீறோ, மற்றவர்கள் முடித்த பிறகுதான் அந்தத் தெருவைக் கூப்பிடுவார்கள். ஓட்டும் அப்படித்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வத்தலக்குண்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியர். "யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. வந்து வரிசையில நிக்கணும்."

"யாருக்குப் பின்னாலங்க?"

"கடைசியா யாரு நிக்கிறாங்களோ, அவங்களுக்குப் பின்னால."

கடைசியில் நின்றவர் பலசரக்குக் கடை பாய். "வா தாயி, நில்லு. முதுகுல மட்டும் இடிச்சுராத, நான் ஒண்ணும் கெழங்கு மூட்டை இல்ல."

"மூட்டையின்னா இம்புட்டுப் பேசாதுங்க, பாய்."

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் எழுந்து வரவில்லை. அவளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அவளுடைய தோட்ட முதலாளி. அவரைக் கண்டதும் அவள் தானாகவே வரிசையை விட்டு விலகினாள்.

"ஏம்மா, எங்க போற?" என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர். "எடத்தை விட்டா மறுபடி கடைசியிலதான் நிக்கணும்."

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மைப்புட்டியை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நில்லு, நில்லு," என்றார் முதலாளி கடைசியில். "வெரசாப் போட்டுட்டு வா. லாரி நிக்காது."

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். முதலாளி அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அதன் பிறகு மரத்தடியிலிருந்து ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து வந்து, அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

அரசியல் சட்டம் வந்தபோது சம உரிமை என்ற சொல்லை எத்தனையோ செய்திகளில் எழுதியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

பாய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். அவள் உள்ளே போனாள். விரலில் மையோடு வெளியே வந்தாள். அடுத்து முதலாளி போனார்.