அக்கா போட்ட பெருக்கல் குறிகள்

1. முதல் வாரம்: லாரிக்குப் பத்தடி முன்னால் நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரவில்லை.
2. மூன்றாம் வாரம்: லாரியின் சாய்பலகை மேல் ஒரு முன்னங்கால்.
3. ஐந்தாம் வாரம்: இரண்டு முன்னங்கால்களும்.
4. எட்டாம் வாரம்: நான்கு கால்களும் உள்ளே.
5. பத்தாம் வாரம், லாயம் இடம் மாறிய நாள்: ஏறவில்லை.
6. அதே நாள், அதே நிமிடம்: அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் உடைந்தன.

ஒரு பயிற்சித் தாளைப் பார்த்து எழுதிய இந்தப் பட்டியலில் நான்காவது வரி சரியல்ல. தாளில் அதைக் குறித்தபோது சரி என்றுதான் நினைத்தேன். இப்போது அதை அடித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் தாள் நிரப்பப்பட்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, லாயத்தின் மரத்தூணில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். பக்கத்தில் சணல் கயிற்றில் ஒரு நீலப் பேனா தொங்கும். மேலே குதிரையை லாரியில் ஏற்றிப் பழக்கும் பத்துப் படிகள், இடது ஓரத்தில் நாட்கள், கடைசியில் "யார்" என்று ஒரு கட்டம். குதிரை அந்தப் படியை எட்டினால் டிக், எட்டாவிட்டால் பெருக்கல் குறி. இதைவிட எளிமையாக ஒரு தாளை வடிவமைக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நான் மென்பொருள் சோதிப்பவள். மராத்தி பேசும் ஊரொன்றின் பாணேர் பகுதியில் ஒரு அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதியது வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. முனியா என் குதிரை. பந்தயத்துக்கு இனி உதவாது என்று கழித்துவிடப்பட்ட ஆறு வயதுப் பெண் குதிரை. அவளை வைத்திருந்தவர் ஊரைவிட்டுப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதே ஊரின் இன்னொரு பகுதியான ஏரவாடாவில், ஆற்றை ஒட்டிய ஒரு சிறிய லாயத்தில் அவளை விட்டிருந்தேன். ஏறி உட்கார்ந்தால் நன்றாக நடப்பாள், குளம்பு சுத்தம் செய்யக் காலைத் தானே தூக்கிக் கொடுப்பாள். லாரியைக் கண்டால் மட்டும் உடம்பெல்லாம் நடுங்கும். முன்பொரு முறை பந்தயத்துக்குக் கொண்டுபோகும் வழியில் லாரி சடாரென்று நின்றதில் உள்ளே விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். அந்தத் தழும்பு வலது முழங்காலுக்குக் கீழே முடி முளைக்காமல் இருக்கிறது.

அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. அந்த லாயத்தில் லத்தி அள்ளி, தண்ணீர் வைத்து, படுக்கைக்கு வைக்கோல் பரப்பும் வேலையில் இருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து ஏரவாடாவிலேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். குதிரைகளோடு இந்தி, லாய உரிமையாளரோடு மராத்தி, என்னைக் கண்டால் மட்டும் தமிழ். முனியா என்ற பெயர் அவர் வாயில் முதல் நாளிலேயே முனியம்மா ஆகிவிட்டது. "முனியம்மா, இன்னா மொறப்பு? தள்ளு, தள்ளு, ஜல்தி" என்று தோளால் இடித்துக்கொண்டே உள்ளே போவார். நான் லாயத்துக்கு மடிக்கணினிப் பையோடு வந்து இறங்குவதைப் பார்த்தால், "வந்துட்டாங்க இஞ்சினியரம்மா. குதுரைக்கு இன்னிக்கு இன்னா பரிச்சை?" என்று கேட்பார்.

லாயம் இருந்த நிலத்தின் குத்தகை முடிகிறது, தேஹு ரோடுக்கு அப்பால் புதிய இடம் பார்த்தாகிவிட்டது என்று உரிமையாளர் சொன்னபோது எங்களிடம் பத்து வாரம் இருந்தது. ஆறு குதிரைகளும் ஒரே நாளில் லாரியில் போக வேண்டும். ஏறாத குதிரையை, கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பக்கத்துத் தெருதான், நடந்தே போகலாம் என்றார். லாரியின் இரைச்சலுக்கே நடுங்குகிறவளை பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவில் நிறுத்துவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். வேறு வழி அவருக்கும் இல்லை. அன்று மாலையே நான் அந்தத் தாளைத் தயாரித்தேன்.

"நடத்திக் கூட்டிட்டுப் போனா ஆவாதா?" என்று அக்கா கேட்டார்.

"முப்பது கிலோமீட்டர் அக்கா. ஹைவே வேற."

"அதுக்கு நாலு காலு இருக்குது. உனக்குத்தான் ரெண்டு."

நான் சிரித்துவிட்டு, தாளை ஆணியில் மாட்டினேன்.

புதன், சனி, ஞாயிறு நான் வருவேன். ஞாயிறு காலை அக்கா சர்ச்சுக்குப் போய்விடுவார், அந்த நாள் முழுக்க எனக்கு. மற்ற நான்கு நாட்கள் அக்கா முனியாவைக் கயிற்றில் பிடித்து, லாயத்தின் மூலையில் நின்ற லாரி வரைக்கும் கூட்டிப்போக வேண்டும், தாளில் குறி போட வேண்டும். இது அவர் வேலையில் சேர்ந்தது அல்ல. கேட்டேன், சரி என்றார். நான்காவது வாரத்தில் தாளைப் பார்த்தால் என் நாட்களில் டிக், அவர் நாட்களில் பெருக்கல் குறி. ஒரு நாள்கூடத் தவறாமல், அழுத்தி எழுதிய பெருக்கல் குறிகள். உறையிலிருந்து தாளை எடுத்துத் திருப்பினால் பின்பக்கம் விரலில் தட்டுப்படும். என்னிடம் ஏறுகிற குதிரை அவரிடம் ஏன் ஏறுவதில்லை? அவருக்கு நேரம் இல்லை, கயிற்றைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை, முனியா அவரை மதிப்பதில்லை. இப்படி மூன்று காரணங்களை அலுவலகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். நான்காவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று தோன்றவில்லை.

அந்த நான்காவது காரணம் என் சட்டைப் பையில் இருந்தது. கேரட். நீளமாக நறுக்கி எடுத்துக்கொண்டு போவேன். சாய்பலகைக்கு மேலே நின்று கையை நீட்டினால் முனியா கழுத்தை நீட்டுவாள், கழுத்து எட்டாதபோது ஒரு காலை எடுத்து வைப்பாள். எட்டாம் வாரத்தில் நான்கு கால்களும் உள்ளே வந்தன. கேரட்டைப் பிடுங்கினாள், மென்றுகொண்டே பின்னாலேயே தடதடவென்று இறங்கிவிட்டாள். உள்ளே இருந்தது மூன்று நொடி இருக்கும். நான் டிக் போட்டேன். அன்று ஒரு சனிக்கிழமை. அக்கா லத்திக் கூடையை இடுப்பில் வைத்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா எழுதுன?"

"நாலு காலும் ஏறிடுச்சு அக்கா. பாத்தீங்கல்ல?"

"கேரட்டுதான் ஏறுச்சி. அது பின்னாடி இது வந்துச்சி. கேரட்டு தீந்துச்சி, எறங்கிடுச்சி."

"பரிசு குடுத்துத்தான் அக்கா பழக்கணும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"குடு, யாரு வேணான்னா? நின்னதுக்கு அப்பறம் குடு." பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, "நான் போடுற கிராஸ பாக்குறதே இல்லியா நீ?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். அன்று மாலை அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்தும்விட்டேன். அலுவலகத்தில் பழுதான கருவியிலிருந்து வரும் அளவுகளை ஒதுக்குவோமே, அதுபோல "யார்" என்ற கட்டத்தில் என் பெயர் உள்ள நாட்களை மட்டும் வைத்து ஒரு வரைபடம் போட்டேன். கோடு அழகாக மேலே ஏறியது. அதை உரிமையாளரின் கைபேசிக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்து, முனியாவையும் சேர்த்து ஆறு குதிரைகளுக்கு லாரி சொல்லிவிட்டார். அக்காவின் குறிகள் அனைத்தும் உண்மை. அவர் கையில் கேரட் இல்லை, அவ்வளவுதான். குதிரைக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது அவர் நாட்களில் மட்டும்தான் தெரிந்தது. அடுத்தவர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

இடம் மாறும் நாளன்று மற்ற ஐந்து குதிரைகளும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. முனியாவுக்காக லாரி திரும்பி வந்தபோது பதினொரு மணி, நல்ல வெயில். எங்கள் மூலையில் நின்ற லாரி ஓடாத லாரி. இது எஞ்சினை நிறுத்தாமல் நின்றது, சாய்பலகை கிடுகிடுவென்று ஆடியது. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேரட்டோடு உள்ளே ஏறி நின்றேன். கயிறு அக்காவிடம் இருந்தது. "இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடாதீங்க அக்கா, இறுக்கிப் பிடிங்க" என்று நான்தான் சொன்னேன். குதிரைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பது லாயத்தில் வேலைக்கு வரும் எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடுவது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

முனியா ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று கால். கேரட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிறகு எட்டாம் வாரத்திலிருந்து நான் பழக்கியதையே செய்தாள்: பின்னாலேயே இறங்கினாள். எஞ்சின் பயமும் சேர்ந்துகொண்டதால் இந்த முறை பாய்ந்து இறங்கினாள். கயிறு அக்காவை இழுத்துக்கொண்டு போய், சாய்பலகையின் இரும்பு வளையத்தில் கையை வைத்து நசுக்கியது. அவர் தரையில் உட்கார்ந்து, கையை முந்தானையால் மூடிக்கொண்டார். முனியா வேலியோரம் போய் நின்று, மீதி கேரட்டை மென்றுகொண்டிருந்தாள்.

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும்போது நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இன்னிக்கு இன்னா போடுவ இஞ்சினியரம்மா? டிக்கா, கிராஸா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

மோதிர விரலும் சுண்டு விரலும். இரண்டு மாதம் கட்டு. கட்டு பிரித்தபோது விரல்கள் நேராக இருந்தன, மடங்கவில்லை. லத்தி அள்ளும் கவைக்கோலைப் பிடிக்க அந்த இரண்டு விரல்களும் வேண்டும். அது இல்லாவிட்டாலும் தேஹு ரோடு வரைக்கும் தினமும் அவரால் வந்து போக முடியாது. உரிமையாளர் கல்யாணக் குதிரைக்காரரைப் பற்றி அதன்பின் பேசவில்லை. மூன்றாம் நாள், விடிவதற்குச் சற்று முன் நானும் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சயீஸும் முனியாவை நடத்திக் கூட்டிப் போனோம். லாரிகள் உரசிக்கொண்டு போனபோதெல்லாம் காதை மடக்கினாள், ஆனால் நிற்கவில்லை. நடுவில் ஒரு பெட்ரோல் பங்க் நிழலில் தண்ணீர் காட்டினோம். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அக்கா முதல் நாளே சொன்னதுதான்.

இது நடந்து ஓராண்டு ஆகிறது. அக்கா இப்போது ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. "நமக்கு இதே பொழப்பு. ஏத்து, எறக்கு" என்று சொல்லிச் சிரித்தார், போன மாதம் பார்க்கப் போனபோது. டீத் தம்ளரை இடது கையால்தான் எடுத்தார். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, ஒவ்வொரு முறையும் கேட்பதுபோல, "முனியம்மா காடி ஏறுச்சா?" என்று கேட்டார். காடி என்றால் அவருக்கு லாரி.

"இல்ல அக்கா."

"செரி. மெதுவா ஏறட்டும்."

கூட்டிப்போக வேறு இடமில்லை, அவசரமுமில்லை. ஆனால் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மருத்துவமனைக்கு லாரியில்தான் கொண்டுபோக வேண்டும், அதனால் பழக்கித்தான் ஆக வேண்டும். வாரம் முழுக்க அலுவலகம். சனி ஞாயிறு ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்து இறங்கும்போதே தூக்கம் கண்ணைக் கட்டும். சில நாள் லாரிக்கு முன்னால் அவளும் நானும் சும்மா நின்றுவிட்டுத் திரும்புகிறோம். புதிய லாயத்தின் தூணில் புதிய தாள் ஒன்றை மாட்டியிருக்கிறேன். படிகள் அதே பத்துதான். டிக் எப்போது போடலாம் என்று கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: எஞ்சின் ஓட வேண்டும், கையில் கேரட் இருக்கக் கூடாது, கயிறு தொய்ந்திருக்க வேண்டும், முப்பது எண்ணும் வரைக்கும் நிற்க வேண்டும். நின்ற பிறகு கேரட். பழைய தாள் அதே உறையில், புதியதற்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துத் தடவினால் அக்காவின் குறிகள் இன்னும் விரலில் தட்டுப்படுகின்றன.

இன்று ஞாயிறு. இரண்டு முன்னங்கால்களை வைத்தாள், இருபத்திரண்டு எண்ணும் வரைக்கும் நின்றாள், இறங்கிவிட்டாள். பெருக்கல் குறி போட்டேன். மூன்றாவது படி இன்னும் முடியவில்லை. அக்காவின் இரண்டு விரல்களும் மடங்குவதில்லை.