பின்னால் வருவதற்கு ஒரு சொல்

ஒரு மிருகம் என்ன செய்கிறது என்று எழுதினால் எங்கள் தொழிலில் கெட்டிக்காரி என்பார்கள். ஏன் செய்கிறது என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காட்டிலும் மேட்டிலும் கேமராவைக் கட்டி வைத்து, எது கடந்து போனாலும் சில விநாடி படம் பிடிக்கிறார்கள். அந்தத் துண்டுப் படங்களை வீட்டிலிருந்தே பார்த்து, அந்த மிருகம் செய்வதற்குச் சரியான ஆங்கிலச் சொல்லைப் பதிவது என் வேலை. மோந்து பார்த்தால் ஸ்னிஃப். இரை தேடி உலாத்தினால் ப்ரௌல். பதுங்கிப் பின்தொடர்ந்தால் ஸ்டாக். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கடைசி வீடு எங்களுடையது. கணவருக்கு ஒரகடத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மடியில் பாதி பிள்ளை, பாதி லேப்டாப் என்று பிழைக்கும் தாய்மார்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சோகமான நரி

கான்வென்ட்டில் சிஸ்டர் எங்களை எந்த மிருகம் எப்படிக் கத்தும் என்று ஆங்கிலத்தில் பாட்டாகவே உருப்போட வைத்தார். நாய்க்கு ஒரு சொல், கழுதைக்கு ஒரு சொல், ஆந்தைக்கு ஒரு சொல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கேமராவுக்கு முன்னால் வரும் மிருகங்கள் அநேகமாகக் கத்துவதே இல்லை. வாயைத் திறக்காமல் வருகின்றன, நிற்கின்றன, போகின்றன. அதற்கெல்லாம் சிஸ்டர் சொல் தரவில்லை.

முதல் வாரம், வற்றிய குட்டை ஓரத்தில் ஒரு நரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. ‘சேட்’, அதாவது சோகம், என்று போட்டு அனுப்பிவிட்டேன். பெங்களூரிலிருந்து டீம் லீடர் ஃபோன் செய்தார். சேலத்துக்காரர், கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுவார். “மேடம், நரி உங்ககிட்ட வந்து சோகமா இருக்கேன்னு சொல்லுச்சா? தலை தாழ்ந்திருக்கு, அவ்ளோதான்.”

அசையாமல் நிற்பது

என் மகள் ஜெஸிக்கு நான்கு வயது. பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தே பாதிச் சொற்களைக் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பிடித்தது ‘ஃப்ரீஸ்’. நடந்துகொண்டிருக்கும் மிருகம் ஒரு காலைத் தூக்கியபடியே சட்டென்று நின்றுவிடும். எதையோ பார்க்கும். அது பார்ப்பது மட்டும் படத்துக்குள் வராது. ஜெஸியும் ஒற்றைக் காலில் அப்படி நிற்பாள். நான் சிரிக்காமல் இருந்தால் அவள் ஜெயித்தாள் என்று கணக்கு.

ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் சோற்றை ஒதுக்கிக்கொண்டு பின்கதவைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினேன். திரும்பவில்லை. கதவுக்கு வெளியே வரப்பும் மழைத்தண்ணீரும்தான் இருந்தன. அன்று வேலைக்கு நடுவில் சபீனாவிடம் சொன்னேன். கூனிமேட்டுக்காரி, என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் அவரவர் வீட்டில் வேலை பார்ப்போம். நாள் முழுக்க நரி பார்க்கிற பிள்ளை வேறு எப்படி இருக்கும் என்று முதலில் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: “ஆனா ஒண்ணுடி, எதையாச்சும் பாக்காம எந்த மிருகமும் சும்மா நிக்காது.”

தெரிந்த தார்ப்பாய்

எந்த ஊர்ப் படம் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொள்ளவும் கூடாது. அப்படியிருக்க, மழை பிடித்த பிறகு ஒரு படம் வந்தது. தண்ணீர் நிறைந்த பாத்திகள், வரப்பு, பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள். ஒரு குவியலில் மட்டும் ஓலை பறந்துபோய், நீலத் தார்ப்பாயைப் போட்டு மேலே ஒரு பழைய டயரை வைத்திருந்தார்கள்.

எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தேன். அதே தார்ப்பாய். அதே டயர். படத்தில் அந்த டயருக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று நின்று என் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நாயை விட மெலிவு, நரியை விட உயரம். வெளியே ஒன்றும் இல்லை. சபீனாவுக்கும் அதே படம் வந்திருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். “நம்ம ஊருன்னு சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. ஸ்டாண்டிங்னு போட்டு அனுப்பிட்டு, போய்ப் புள்ளைக்குத் தலை வாரு.”

முதல் கவளம்

பக்கத்து வீட்டு வள்ளியக்கா அளத்தில் உப்பு வாருகிறவர். மழைக்கு வேலை இல்லாததால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நான் பார்த்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. விடியற்காலையில் அளத்தில் இறங்குகிறவர்கள் கொண்டுபோன சோற்றில் முதல் கவளத்தை வரப்பில் வைத்துவிடுவார்களாம். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைக்கு வெட்டுக்காயம் படும், காயத்தில் உப்பு ஏறும். எது வந்து தின்னும் என்று கேட்டேன். அதை யாரும் பார்த்ததில்லை, பார்க்கக் கூடாது என்றுதானே வழக்கம் என்றார்.

ஜெஸி என் முதுகில் தொங்கிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டே சொன்னார்: “மழை வந்துட்டா எங்களுக்கு வேலையும் இல்ல, அதுக்குக் கவளமும் இல்ல. அது மட்டும் எங்கம்மா போவும்? சோறு வேகுற வாசனை வர்ற பக்கம்தான் வரும்.”

சொல் போட்டால்தான் அடுத்தது

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. இந்தப் படத்துக்குச் சொல் போட்டால்தான் அடுத்த படம் திறக்கும். பிடிக்காவிட்டாலும் தாண்டிப் போக முடியாது.

இந்த வாரம் அதே வரப்பு வந்தது. பட்டப்பகல். மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை கையில் கிண்ணத்தோடு நடந்து போகிறது. ஜெஸி. மத்தியானம் அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளும் நேரம் அது. அவளுக்குப் பின்னால், தலையைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு, அது. அவள் நின்றால் நிற்கிறது. நடந்தால் நடக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. படம் அங்கே முடிந்துவிட்டது. அடுத்தது என்ன என்று பார்க்க வேண்டுமே. ‘ஸ்டாக்’ என்று போட்டேன். திறந்தது எங்கோ ஒரு காட்டில் மேயும் மயில்.

ஜெஸி தரையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக் கை கால் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. தினமும் அதற்குச் சோறு கொண்டுபோனாளா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். அது முன்னால் வராது, பின்னால்தான் வரும் என்றாள், எனக்குத் தைரியம் சொல்வது போல. ஒவ்வொரு படமும் இரண்டு பேருக்குப் போகும், சபீனாவுக்கும் போயிருந்தது. அவள் ‘ஃபாலோ’ என்று சாதுவாகப் போட்டிருந்தாள். உனக்குக் கண் தெரியவில்லையா என்று கத்தினேன். அவள் சொன்னாள்: “தெரிஞ்சிச்சுடி. அந்த வார்த்தைய உன் புள்ளைக்குப் பின்னாடி போட எனக்குக் கை வரல.”

டீம் லீடரின் தீர்ப்பு

இரண்டு பேர் இரண்டு சொல் போட்டால் டீம் லீடர் தீர்த்து வைப்பார். ஃபோன் செய்து, ஏன் ‘ஸ்டாக்’ என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் விசாரித்தார். தலை, காது, நடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. உங்கள் குழந்தையா என்றார். ஆமாம் என்றேன். அந்தக் கேமராவின் மற்ற படங்கள் வேறு வேறு ஆட்களுக்குப் பிரிந்து போயிருந்தன. எல்லாவற்றையும் அவர் ஒன்றாகத் திறப்பது பட்டன் சத்தத்தில் கேட்டது. பிறகு, கோபமே இல்லாமல், தமிழில் பேசினார்.

“மேடம், கதவை முதல்ல சாத்துங்க. இது ஒரு நாள் படம் இல்ல. கவுன் ஒவ்வொண்ணுலயும் வேற. நடுவுல இருக்குற தூரம்தான் குறைஞ்சுட்டே வருது.”

இத்தனை சொல் கற்று இந்தத் தொழிலில் நான் கண்ட பலன், பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி ஜெஸிக்கு எட்டாத உயரத்தில் அடித்ததுதான். அவள் என் பக்கத்தில் தூங்குகிறாள், கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது அது செய்வதற்கு ஒரு சொல் போடச் சொல்லி நல்லவேளையாக என்னை யாரும் கேட்கவில்லை.