மேலும் கீழும் இல்லாத படம்

ஜெரோமின் அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். கோபிப் பக்கம், வாய்க்கால் பாசனம். மேலே மடையை அடைத்தால் கீழே எல்லாம் காய்ந்துவிடும் என்பதைத் தவிர மகனுக்கு அவர் பெரிதாக எதுவும் சொல்லித்தரவில்லை. மகன் மண்வெட்டியை விட்டு வயர்மேன் ஆனான். கரண்ட்டும் மேலிருந்து கீழே வரும் ஒன்று என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நினைப்பு தவறென்று காட்டும்படி எதுவும் நடக்கவில்லை. பல நினைப்புகள் அப்படித்தான் உண்மை போல இருந்துவிடுகின்றன.

தொண்ணூற்று நான்கில் ஜெரோம், காரமடைப் பக்கம் ஒரு நூல்மில்லில் எலக்ட்ரீஷியன். வேலையில் சுமாருக்கு மேல், கெட்டிக்காரர் என்பதற்குக் கொஞ்சம் கீழ். போர்மேன் வேலையை விட்டுப் போனதும் எஞ்சினியர் கிருபாசங்கர் அவரைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம மெயின் பேனலைத் தொறந்து உள்ள அடைஞ்ச பஞ்சை எடுக்கோணும். சப்ளையை நிறுத்தி, 'கை வெக்கலாம்'னு சொல்றது இனி உங்க பொறுப்புங்க."

"அந்தப் பேனலு எனக்குப் பழக்கந்தானுங்க."

"பழக்கம் பத்தாதுங்க ஜெரோம். இதைப் படிச்சுட்டு வாங்க."

கொடுத்தது சிங்கிள் லைன் படம். மில்லுக்குள் மின்சாரம் எங்கே நுழைந்து எதெதன் வழியாக எங்கே போகிறது என்று கோடுகளால் காட்டும் தாள். அம்மோனியாப் புகையில் எடுத்த நகல், அந்த வாசம் இன்னும் போகவில்லை. பேனலுக்குள் கை விட்டுப் பஞ்சு எடுக்கப்போகிறவன் கதிர். ஜெரோமின் மனைவி அன்புக்கரசிக்குத் தம்பி. தாய் போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்தவன். 'கை வெக்கலாம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் அவன் உள்ளே கை விடுவான்.

கணபதி என்னும் ஊரில் இருந்த வீட்டில் ஜெரோம் படத்தைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் டம்ளர் வைத்தார்.

"இதப் பாரு அம்மணி. மூணு கேபிள் போகுது, ஒத்தக் கோடு போட்டிருக்கறான். மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். பேனல்போர்டு செய்யும் பட்டறை ஒன்றில் அவளுக்கு டிரேசிங் வேலை. இப்படிப்பட்ட படங்களைக் கண்ணாடித் தாளில் மை போட்டு நகல் எடுப்பாள். அவற்றின் பொருளை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"மூணும் ஒண்ணாவே போயி ஒண்ணாவே வருதுங்களா?"

"ஆமா."

"அப்பறம் என்னங்க, ஒண்ணைச் சொன்னாப் பத்தாதா? எங்கண்ணன் ஊட்டுல எல்லாரும் வாராங்கன்னா பேர் பேராவா சொல்றேன்?"

ஜெரோம் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து படம் கொஞ்சம் இணங்கியது. ஒன்றையொன்று வெட்டும் இரட்டை வட்டம் டிரான்ஸ்பார்மர், கட்டம் பிரேக்கர், தடித்த படுக்கைக் கோடு செம்புப் பட்டை. தினம் பார்த்த சாமான்களுக்குத் தாளில் வேறு முகம் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒப்பித்துக் காட்டினார். "மேல இந்த பிரேக்கரை ஆப் பண்ணிப்போட்டா, இடது பக்கப் பட்டை செத்துப்போகும். கதிரு கை வெக்கலாம்."

அன்புக்கரசி இடது பட்டையின்மேல் கட்டைவிரலை ஊன்றினாள். "தம்பி கை இங்கதானுங்களே இருக்கும்?"

"ஆமா."

"நீங்க மேல இருந்தே வாரீங்க. இங்கிருந்து கெளம்புங்க. பட்டறைல ஒவ்வொரு கோடும் எங்க போயி முட்டுதுன்னு பாக்காம நாங்க ஷீட்டைக் கழட்டறதில்ல."

அவர் விரல் அவள் விரலருகே தொடங்கியது. மேலே போய் பிரேக்கரில் முட்டியது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தது. இரண்டு பட்டைகளையும் சேர்க்கும் கப்ளர் என்ற கட்டம். அதைத் தாண்டி வலது பட்டை. அங்கிருந்து கீழே இறங்கி, தாளின் அடியோரத்தில் 'ஜி' எழுதிய வட்டத்தில் நின்றது.

"ஜெனரேட்டர். நாளைக்கு குவார்ட்டர்ஸ் தண்ணி மோட்டாருக்கு ஓடும்." குரல் இறங்கிவிட்டது. "அது கீழதானே கெடக்குது…"

"கீழருந்து தண்ணி ஏறாதுங்க. இது தண்ணியா?"

ஜெரோம் வெகு நேரம் அவள் விரலை எடுக்க விடவில்லை.

ஞாயிறு காலை. ஜெரோம் மேல் பிரேக்கரை நிறுத்தினார். தண்ணீர் மோட்டாருக்காக ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கதிர் சட்டைக் கையை மடித்தான்.

"என்ன மாமா, கை வெக்கலாமா? இல்ல அக்காகிட்டக் கேட்டுட்டு வாரீங்களா?"

"கேட்டுட்டுத்தான்டா வந்திருக்கறேன். தள்ளி நில்லு."

டெஸ்ட் லாம்ப்பின் முனையை இடது பட்டையில் வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. போன முறை கரண்ட் போனபோது இரண்டு பட்டைகளையும் இணைத்து வைத்த கப்ளரை யாரும் பிரித்திருக்கவில்லை. கதிரின் சிரிப்பு பாதியில் நின்றது. மடித்த கையை அவனே பார்த்துக்கொண்டான்.

ஜெரோம் கப்ளரைப் பிரித்து வெளியே இழுத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடி விளக்கு. எரியவில்லை. விளக்கே போய்விட்டதோ என்று வலது பக்கம் வைத்துப் பார்த்தார், எரிந்தது. இடது பட்டையை எர்த்தோடு சேர்த்துக் கட்டினார். கண்ணை மூடி, தாளில் அவள் விரல் இருந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒருமுறை போய் வந்தார். பிறகு தன் புறங்கையைப் பட்டையில் வைத்தார். குளிர்ந்திருந்தது.

"இப்ப வெக்கலாம், கண்ணு."

மத்தியானம் இருவரும் கணபதிக்கு வந்தார்கள். கோயிலுக்குக் கட்டிய சேலையை அன்புக்கரசி இன்னும் மாற்றியிருக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு தம்பியின் கையில் ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் பஞ்சுத் தூசி கரைந்து ஓடியது.

"நல்லாத் தேயிடா. வெரலிடுக்கெல்லாம் அப்பிக் கெடக்குது."

"போதும்க்கா. பசிக்குது."

"காட்டு பாக்கலாம்."

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். பின்னால் ஜெரோம் தன் கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.