கீழே இறக்க இடமில்லாத லீக்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவர் கத்த ஆரம்பித்துவிடுவார். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் வரிசை ஒன்றில். அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். இந்த நாட்டில் சுவர் தாண்டி மனிதக் குரல் கேட்பதே அதிசயம். குடிவந்த முதல் வாரம் என் மனைவி கவிதா பயந்துபோய், 911ஐக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். அது வலியில் வருகிற சத்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் திண்டுக்கல்காரன், கால்பந்து பார்த்து வளர்ந்தவன். கோல் போடும்போது வரும் சத்தத்தையும் கோல் வாங்கும்போது வரும் முனகலையும் தூக்கத்தில்கூடப் பிரித்துச் சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில் கோல் விழுந்தால் மைதானமே கத்தும். ஒற்றை ஆள், தன் வீட்டு வரவேற்பறையில், துணைக்கு ஒரு குரல்கூட இல்லாமல் கத்தி நான் கேட்டதில்லை.

அவர் பெயர் பியெரோ. வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் தொழிலில் நாற்பது வருடம் முட்டி தேய்ந்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு சனிக்கிழமை எங்கள் கதவைத் தட்டி, "நீங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள்தானே?" என்று கேட்டார். லேப்டாப்பில் ஆட்டம் நின்றுவிட்டதாம். இந்தியனைக் கண்டாலே ரிப்பேர் கடை திறந்திருக்கிறது என்று நினைப்பவர்கள்மேல் எனக்கு நிரந்தரக் கோபம் உண்டு. ஆனாலும் போனேன். சரிசெய்துகொண்டே, "நீங்கள் இத்தாலியா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இல்லை. இத்தாலி எங்களைச் சுற்றி இருக்கிறது" என்றார். சான் மரீனோ என்ற நாட்டின் பெயரை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். பதிலுக்கு அவர், "நீ டெல்லியா?" என்றார். என் முகமும் சுருங்கியிருக்க வேண்டும். இருவருக்கும் கணக்கு நேரானதில் சிரித்துவிட்டோம். உட்காரச் சொன்னார். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த சான் மரீனோ கால்பந்து லீக்கைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்த நாட்டையும் கொண்டுவந்தால் எங்கள் மாநகராட்சியின் சில வார்டுகளில் குடிவைத்துவிடலாம். அவ்வளவு சின்ன நாட்டுக்கு ஒரு தேசிய லீக், அதில் பதினைந்து பதினாறு அணிகள். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பியெரோவின் பேட்டை அணியின் கோல்கீப்பர் அவருடைய தங்கை பேரன், எலெக்ட்ரீஷியன். எந்த அணிக்கும் சொந்த மைதானம் என்று ஒன்று கிடையாது. இருக்கிற சில மைதானங்களில் இந்த வாரம் இன்னார் இங்கே என்று ஒதுக்குவார்கள். ஆகவே நம் ஊர், எதிராளி ஊர் என்ற பேச்சே இல்லை. யார் பெயரை முதலில் அச்சடிக்கிறார்களோ அவர்கள் அன்றைக்குச் சொந்த ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, அங்கே இரண்டாம் டிவிஷன் கிடையாது. கடைசி இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக்கில்தான் ஆடுவார்கள். பியெரோவின் பச்சைச் சட்டை அணி அந்தச் சலுகையை முழுசாக அனுபவித்துக்கொண்டிருந்தது. அந்த சீசனில் அவர்கள் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

நான் இடது ஓரத்தில் உட்கார்ந்த அன்று மட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று டிரா ஆனது. வந்தது வினை. அடுத்த சனிக்கிழமை நானே போய், பழக்க தோஷத்தில் நடுவில் உட்கார்ந்தபோது அவர் என் தோளைப் பிடித்து இடது ஓரத்துக்கு நகர்த்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகக் கோப்பை கிரிக்கெட் நடக்கும்போது எங்கள் வீட்டில் விக்கெட் விழாதவரை யாரும் இடம் மாறக் கூடாது, பாத்ரூமுக்கு எழுந்தவரை மறுபடி உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தியதும் உண்டு. அந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் கவிதா கொடுத்தனுப்பிய முறுக்கும் ராசிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு வாராவாரம் இடது ஓரத்தில் நான், மேசையில் முறுக்கு, திரையில் தோல்வி. அவர் ராசியை மாற்றச் சம்மதிக்கவே இல்லை.

மார்ச்சில் எனக்கு வேலை போயிற்று. கால் மணி நேர வீடியோ மீட்டிங். பேசியவர் என் பெயரைத் தப்பாக உச்சரித்தார். மீட்டிங் முடிந்து இரண்டு நிமிடத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. இங்கே இருப்பவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு: என்னைப் போல ஹெச்-ஒன் வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால், இரண்டு மாதத்துக்குள் வேறு கம்பெனி என்னை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்கும் இடத்தைப் பார்த்தால், அது வருவதற்குள் இங்கேயே பிறந்த என் மகள் நிலா கல்லூரி முடித்துவிடுவாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் இந்த நாட்டுக் குடிமகள், நாங்கள் இருவரும் இல்லை. பயந்தேன். சாப்பாடு இறங்காத அளவுக்குப் பயந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் போய் உட்கார்ந்தேன். முறுக்கை நான் தொடாததைப் பார்த்து பியெரோ என்ன என்றார். சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. "வரி கட்டுகிறாய். உன் பெண் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். ஒரே ஒரு வேலை போனதற்கா அனுப்புவார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு திரையைக் காட்டி, "இவர்கள் வருடம் முழுக்கத் தோற்கிறார்கள். இவர்களை யாரும் எங்கேயும் அனுப்பவில்லையே" என்றார். ஆறுதல்தான் சொன்னார். எனக்கோ சுருக்கென்றது. "உங்கள் லீக்கில் கீழே எதுவும் இல்லை, அதனால் அனுப்பவில்லை. எனக்குக் கீழே ஒரு நாடே இருக்கிறது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் ஊரை நானே கீழே என்று சொல்லிவிட்டேனே. எங்கள் தெரு அணி மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய வருடம் ஞாபகத்துக்கு வந்தது. எங்களுக்கு இலவசமாக ஜெர்சி கொடுத்துவந்த பூட்டுக் கடைக்காரர், அந்த வருடம் எங்களைக் கண்டால் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். இறங்கியவனுக்குக் கிடைக்கும் மரியாதை எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்புவதில் நான் பயந்தது அதற்குத்தான்.

பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு அப்ளை பண்ணியதில் டெக்சஸ் மாநிலத்து ஆலனில் இருக்கும் ஒன்று மட்டும் கடைசிச் சுற்றுவரை வந்தது. அவகாசம் முடிய இரண்டே வாரம் இருந்தது. வீட்டிலிருந்தே வீடியோவில் பேட்டி, ஒரு புதன்கிழமை பிற்பகல். மழையால் தள்ளிப்போன பச்சைச் சட்டைக்காரர்களின் சீசன் கடைசி ஆட்டமும் அதே நேரம் என்று பியெரோ வந்து சொன்னார். அவர்களுக்கு ஜெயிக்க அதுதான் மிச்சமிருந்த வாய்ப்பு. வர முடியாது என்றேன். "உன் ஆட்டம்தான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, முறுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

"அந்த மனுஷன் கத்தினா மைக்ல கேக்குமேங்க. இன்னைக்கு மட்டும் அமைதியா பாக்கச் சொல்லட்டுமா?" என்றாள் கவிதா.

"வேண்டாம் விடு. கத்துறதுக்கு அவங்க கோல் போடணும்ல?" என்றேன்.

பேட்டி எடுத்த மேனேஜர் ஒரு பெண்மணி. சிரிக்கவே இல்லை. என் பதில்கள் எனக்கே பிடிக்காமல், குரல் தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் சுவரைப் பிளந்துகொண்டு வந்தது அந்தச் சத்தம். முனகல் இல்லை, அசல் கோல் சத்தம். அந்த அம்மாள் திடுக்கிட்டு, "அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்றார். "மன்னிக்கவும், பக்கத்து வீட்டுக்காரரின் அணி கோல் போட்டுவிட்டது" என்றேன். என்ன அணி என்று கேட்டார். சுருக்கமாகச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். மைதானம் இல்லாதது, எலெக்ட்ரீஷியன் கோல்கீப்பர், எத்தனை தோற்றாலும் இறக்காதது என்று அது நீண்டுவிட்டது. "இறக்கவே மாட்டார்களா?" என்றார். "இறக்குவதற்குக் கீழே ஒன்றும் இல்லை" என்றேன். முதல்முறையாகச் சிரித்தார். அதன் பிறகு கேட்ட கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன, ஆனால் எனக்குக் குரல் திரும்பிவிட்டது.

முடிந்ததும் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பியெரோ சோபாவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்திருந்தது. இடது ஓரத்தில், என் இடத்தில், முறுக்குத் தட்டு இருந்தது.

"ஆஃப்சைடு" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து இடைவெளி காட்டினார். அது கொடி உயர்ந்த பிறகு அழிந்துபோன கோல். கடைசியில் எதிரணி ஒன்று போட்டு ஜெயித்துவிட்டது. "உனக்குப் பதில் தட்டை வைத்தேன். போதவில்லை."

நான் அந்த கோலைப் பற்றித்தான் டெக்சஸ் அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அவரிடம் சொன்னாயா? அவர் நம்பினாரா?"

"நம்பினார்."

"அப்படியானால் டெக்சஸில் அது கோல்தான்" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

வேலை கிடைத்தது. கவிதா அழுதாள், நானும் அழுதேன். அம்மாவிடம் போனில், புது வேலை, நல்ல வேலை என்று மட்டும் சொன்னேன். நிலாதான் கேட்டாள், "அப்பா, டு வி ஹேவ் டு மூவ்?" ஆமாம் என்றதும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாடு மாறாமல் தப்பித்த சந்தோஷத்தில் ஊர் மாறுவதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவளுக்கு ஈஸ்ட் பிரன்ஸ்விக்தான் திண்டுக்கல். லாரி கிளம்பிய அன்று பியெரோ வந்து எங்கள் சோபாவைச் சரியாக ஏற்றுகிறார்களா என்று மேற்பார்வை பார்த்தார். "நீ இடது ஓரம். எந்த மாநிலமானாலும் இடது ஓரம்" என்று மட்டும் சொன்னார். பிறகு கட்டிப்பிடித்தார்.

இப்போது ஆலனில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டம். பியெரோ போனில் இருக்கிறார், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். மேசையில் கடை முறுக்கு. நிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆர் வி ஹோம் ஆர் அவே டுடே?" என்று கேட்கிறாள். எங்கள் அணியின் பெயரை இன்று முதலில் அச்சடித்திருக்கிறார்கள், அதனால் ஹோம் என்கிறேன். அவள் இரண்டு முறுக்கு எடுத்துக்கொள்கிறாள். என் ஸ்ட்ரீம் அவருடையதைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது. நியூ ஜெர்சியில் நடந்து முடிந்தது டெக்சஸுக்கு வந்துசேரச் சில நொடி பிடிக்கிறது. இதோ, போனில் பியெரோ கத்திவிட்டார், அதே அசல் சத்தம். என் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. நான் கத்தவில்லை. சோபாவின் இடது ஓரத்தில், நுனியில் உட்கார்ந்து, கோல் வருவதையும் அதன் பின்னால் கொடி உயர்கிறதா என்பதையும் பார்க்கக் காத்திருக்கிறேன்.