குழாயில் இறங்கிய சிவப்பு

1985ஆம் ஆண்டு, ஆடி மாதம். ஈஜோக் என்னும் ஊருக்கு அருகே எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பால்குடம் எடுக்க வேண்டிய என் தங்கையோ மாவட்ட மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். தொண்டைவலிக்குப் பின் வந்த காய்ச்சல் முழங்காலை வீங்கவைத்து, அங்கிருந்து மணிக்கட்டுக்குத் தாவியிருந்தது. மாத்திரைகளால் வலி அடங்கியதும், அவளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல அப்பா துடித்தார். டாக்டர் இணங்கவில்லை.

அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. பள்ளிகளுக்கிடையிலான சொற்போர்களில் கோப்பைகள் வென்றவன் நான். வழக்கு என்னிடம் வந்தது.

“நீ பேசுனா விட்டுருவாரு லா, அண்ணே,” என்றாள் தங்கை.

வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. பிறகு நோய்தான் எங்கே என்று ஆங்கிலத்தில் அடுக்கினேன். டாக்டர் எதிர்வாதம் செய்யாமல் என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று எடுத்த அவள் இரத்தம் மெல்லிய கண்ணாடிக் குழாயில் நின்றது. சிவப்பு வெகுவாக இறங்கியிருந்தது. மேலே மஞ்சள் நீர். ஒரு மணி நேரத்தில் இவ்வளவு இறங்கினால், உடலுக்குள் அழற்சி இன்னும் தணியவில்லை என்று பொருளாம். இந்த வாதக் காய்ச்சலில் இதயம் இதுவரை தப்பியிருக்கிறது. ஆனால் அதன் வால்வுகளுக்கு ஆபத்து நீங்கவில்லை. இரத்தம் சீராகும்வரை அவள் படுத்தே இருக்க வேண்டும் என்றார்.

நான் வெளியே வந்ததும் அப்பா எழுந்தார்.

“என்னடா, ஒத்துக்கிட்டாரா?”

“இல்லப்பா. பாப்பா இங்கயே இருக்கட்டும். நோவு இன்னும் ரத்தத்துல இருக்காம். நெஞ்சுக்கு ஏறிட்டா ஆயுசுக்கும் கஷ்டம்பா.”

“சாமி காரியம்டா! ஒன்னய படிக்க வச்சது டாக்டரு பக்கம் பேசவா?”

“பாப்பா பக்கம்தான்பா பேசுறேன்.”

அப்பா கட்டிலருகே சென்று, அவள் தலையை வருடி, “அடுத்த வருசம் எடுத்துக்கலாம், கண்ணு,” என்றார்.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “தோத்துட்டு வந்துட்டியாண்ணே?”

அதன்பின் ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் காத்திருந்தோம். சிவப்பு இறங்கும் அளவு மெல்ல மெல்லக் குறைந்தது. அவளும் வீடு திரும்பினாள். நோய் மீண்டும் வராதிருக்க மாதந்தோறும் ஊசி போடப் பல ஆண்டுகள் நான்தான் அழைத்துப்போனேன். அவள் சிரித்தபடி ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறுவாள். வலி இல்லை என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிட முடியாத ஓர் அச்சம் மட்டும் என்னுள் இன்னும் குடியிருக்கிறது.