இரண்டு சூளைக்குப் பிறகு மிதந்த கப்பல்

போன வருடம் ஆடி மாதம், விருத்தாசலத்தில் என் பீங்கான் பொம்மைப் பட்டறையில் நடந்தது இது. பெண்ணாடத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார். இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகக் கட்டிய சரக்குக் கப்பல். அவருடைய அப்பா அதன் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். போரில் குண்டுகளைச் சுமந்த கப்பல், பிறகு கோதுமை சுமந்து சென்னைக்கு வந்து, கடைசியில் பழைய இரும்பானது. மறைந்த அப்பாவின் நூறாவது பிறந்தநாளுக்குக் குடும்பமே கூடுகிறது. அவர் படத்தருகே வைக்க அதே கப்பல் பீங்கானில் வேண்டும். மூன்றே வாரம்.

கப்பல்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தைப் பாதி படித்தவன் நான். விடுவேனா? மேல்தளத்தில் சரக்கு இறக்கும் திறப்புகள் படத்தில் உள்ளபடி சதுரமாக, கூர்மூலையோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

கம்மாபுரத்திலிருந்து வண்டியில் வரும் அக்காதான் எங்களிடம், சுடுவதற்கு முன் பச்சை மண் பொம்மைகளைச் சீர்செய்பவர். "மூலைய இப்படி வுட்டா சூளையில புட்டுக்கும் சார். கொஞ்சம் மழுக்கிடலாங்க" என்றார்.

"வரலாற்றை மழுக்கக் கூடாதும்மா" என்றேன்.

முதல் சூளையில், உபரிக்கும் சேர்த்து வைத்த நான்கு கப்பலும் மூலையிலிருந்து விரிந்து இரண்டாகப் பிளந்தன. இரண்டாவதிலும் அதே கதை.

"வரலாறு நல்லா வெந்துடுச்சு சார்" என்றார் அக்கா.

பிறந்தநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அக்கா ஈரப் பஞ்சால் மூலைகளை வளைத்துவிட்டதை நான் பார்க்காததுபோல் இருந்தேன். கப்பல் முழுசாக வந்தது.

வாங்க வந்த ஆசிரியரிடம், மூலை மட்டும் படத்தில் உள்ளபடி இல்லை என்று அசடு வழிந்தேன். அவர் அந்த மூலையையே விரலால் தடவினார்.

"இல்லீங்க, இதுதான் சரி. படம் கப்பல் புதுசா இருந்தப்ப எடுத்தது. அந்த வகைக் கப்பலுங்க சிலது மூலையில வெடிச்சு ரெண்டா போயிடுச்சாம். அப்புறம் வளைச்சுத் திருத்துனாங்கன்னு அப்பா சொல்லுவாரு. அவரு ஏறுனது திருத்துன பிறகு."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். எல்லாம் இருந்தது, நான் நிறுத்தியிருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்.

மறுநாள் அதை அக்காவிடம் சொன்னேன். "எத்தினி கப்பலு உடைஞ்ச பிறகு சார் கண்டுபுடிச்சாங்க?" என்று கேட்டார்.

"நிறைய."

"நாம ரெண்டு சூளையோட முடிச்சிட்டோமே!"

நான் குறுக்கே நிற்காவிட்டால் அந்த இரண்டும்கூடத் தேவைப்பட்டிருக்காது என்பதை அவர் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், கப்பல் உடையாமல் காக்கத் தெரிந்த ஒருவரோடு விருத்தாசலத்தில் வேலை செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.