உள்ளங்கை மண்

வளப்பூர் நாட்டுப் பாவாயிக்குத் தன் ஓரகத்தி அத்தாயியின்மீது துளியும் நம்பிக்கை கிடையாது. கணவன் இறந்த மறுமாதமே பாவாயியின் சாமைக்காட்டைத் தனக்கென்று கேட்டவன் கணவனின் அண்ணன் சின்னுசாமி. அத்தாயி அவனுடைய மனைவி. உலகப்போர் மூண்ட ஆண்டு அது. தை பிறந்ததும் நாட்டுத் தலைவரான பட்டக்காரர் முன்னிலையில் ஊர் கூடி வழக்கைத் தீர்ப்பதாக இருந்தது.

காடு கேட்பவர் அக்காட்டு மண்ணை விரித்த உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே பேச வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். மண் சிந்தினால் வாக்கில் பொய் உண்டு என்பார்கள். பாவாயிக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே கை உதறும்.

இந்நிலையில் அத்தாயி தானாகவே சுனைக்கரைக்கு வந்தாள்.

"மண்ணைக் கையில எடு கண்ணு. நான் கேக்கறேன், நீ சொல்லு."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறதோ? தன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று பாவாயி எண்ணினாள். மறுத்தால் பயந்ததாகிவிடுமே என்று எடுத்தாள்.

"மண்ணு கரையாம காட்டுக்குக் கல்லடுக்கு வச்சது யாரு?"

"அவருதானுங்க்கா. நான் எடுத்துத்தான் குடுத்தேன்."

"அப்பக் காடு அவன் அண்ணனுக்குத்தான். போ, போயி அடுப்பூது!"

சுருக்கென்றது. மண் சிந்தியது. அத்தாயி சிரித்தாள்.

மறுநாளும் வந்தாள். அதே கேள்வி, அதே குத்தல். விடையை மட்டும் சொல்லித் தரவே இல்லை. ஒருநாள் கேட்டாள்: "உன்ற புருசன் மூணு மழை படுத்துக் கெடந்தானே, அப்பச் சரிஞ்ச கல்லு தானா ஏறிக்கிச்சா?"

எடுத்துக் கொடுத்தவள் என்றே தன்னை நினைத்திருந்த பாவாயிக்கு, அம்மூன்று மழைக்காலமும் தோள்வலியோடு நினைவுக்கு வந்தன. "நான்தானுங்க்கா ஏத்தினேன்" என்றாள். அன்று மண் சிந்தவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை; முக்கியமான ஒன்றை அத்தாயியிடம் சொல்லாமல் ஒளித்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டு, மண்ணை ஏந்திக்கொண்டு எழுந்தான்.

"கல்லடுக்கு வச்சது யாருங்க? என்ற தம்பி! இவ அடுப்பூதறவ."

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கேள்வி, அதே குத்தல்! அத்தாயி இவள் சொல்லை அவனிடம் கொண்டுபோகவில்லை. அவன் சொல்லையல்லவா இவளிடம் கொண்டுவந்திருக்கிறாள்!

"மூணு மழையில சரிஞ்ச கல்லை ஏத்தி வச்சது நானுங்க" என்றாள் மண்ணேந்தி நின்ற பாவாயி. "வடக்கோரத்துப் பெரிய கல்லைப் பொரட்டிப் பாருங்க. அடியில சிக்கி நசுங்கின என்ற காப்பு கெடக்கும். சோடி இதுதானுங்க."

மற்றொரு கையால் மடியிலிருந்து பித்தளைக் காப்பை எடுத்து நீட்டினாள். ஆட்கள் போய்க் கல்லைப் புரட்டினார்கள். நசுங்கிய காப்பு வந்தது. அதுவரையில் உள்ளங்கை அசையவில்லை.

"காடு உனக்குத்தான், பாவாயி" என்றார் பட்டக்காரர்.

பெண்கள் பக்கமிருந்து அத்தாயியின் குரல் உரக்கக் கேட்டது: "நாக்கு நீளத்தைப் பாரு!"

சின்னுசாமியின் சந்தேகப் பார்வை மனைவியின் முகத்தைத் துழாவியது. அத்தாயிக்கு நன்றி சொல்ல வாயெடுத்த பாவாயி அதைக் கண்டாள். வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

ஊரின் கண்ணுக்கு அவ்விருவரும் கடைசிவரை பகையாளிகளாகவே இருந்தார்கள்.